‘ஏங்கியே’ என்னும் பிரெஞ்சுச் சொல்

நெமிலியில் நாமறிந்த தாய் ஒருத்தியின் மகள் புதுச்சேரிக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, கணவனுடன் பிரான்சு சென்றாள். ஓர் இரவு கைக்குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். கணவன் இரவு வேலைக்குப் போயிருந்தான். அந்நாட்டில் அவசர மருத்துவ உதவிக்குரிய 15 என்னும் எண்ணை அழைத்தாள். மறுமுனையில் குரல் கேட்டது. இவளுக்கோ ‘போன்ழூர்’, ‘மெர்ஸி’ என்பவற்றுக்கு மேல் வார்த்தை வரவில்லை. அடுத்த வீட்டு அம்மையார் வந்து பேசினார், குழந்தை பிழைத்தது. “பணத்துக்குக் குறைவில்லை ஐயா, நாலு வார்த்தைக்குத்தான் பஞ்சம்” என்று கண்கலங்கினாள் தாய்.

அந்த நாலு வார்த்தைகளை இங்கே தருகிறோம்.

1962 ஆகஸ்டு 16 இல் புதுச்சேரி உடன்படிக்கை நிறைவேறியபின், அங்குள்ள தமிழர் பலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டனர். அக்குடும்பங்களோடு உறவு கொள்ளும் நம் பெண்களுக்குத்தான் இத்தொல்லை. ஒருகாலத்தில் இதே தொல்லையை எதிர்த்திசையில் பட்டவர்கள் உண்டு. பிரான்சிலிருந்து வந்து நம் மொழியைக் கற்ற முஸ்ஸே, துபுயி என்னும் இரு குருக்கள் 1855 இலும் 1862 இலும் தமிழ்–பிரெஞ்சு அகராதியைப் புதுச்சேரியில் இரு பாகங்களாக வெளியிட்டனர்.

தமிழில் கவலை நம்மிடம் வருகிறது: ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்கிறோம். பிரெஞ்சிலோ ‘நான் கவலையுற்றவன்’ என்றே சொல்ல வேண்டும். ஆண் சொன்னால் ‘ழெ ஸுயி ஏங்கியே’; பெண் சொன்னால் ‘ழெ ஸுயி ஏங்கியேத்’. இந்த ‘ழெ’ நம் ழகரம் அன்று. ஷகரத்தைத் தொண்டை அதிரச் சொல்வது போன்ற ஒலி. ‘ஏங்கியே’ என்பதற்கும் நம் ‘ஏங்கி’ என்பதற்கும் உறவேதுமில்லை. ஆனால் நினைவில் நிற்க அதைவிட நல்ல துணை வேறில்லை! ‘மகனைப் பற்றிக் கவலைப்படுகிறேன்’ என்பது ‘ழெ மேங்கியேத் பூர் மோன் ஃபீஸ்’. மகளாயின் இறுதியில் ‘மா ஃபீய்’.

அச்சத்துக்கு வழி வேறு. அதை அவர்கள் ‘உடையவர்’ ஆகின்றனர்: ‘ழே பெர்’, அதாவது ‘எனக்கு அச்சம் உண்டு’. இங்கே ‘ழெ ஸுயி’ போட்டால் பிழை. நம்மவர் பெரும்பாலும் இடறுமிடம் இதுவே.

மருத்துவரிடம் ‘இல் ஆ த லா ஃபியேவ்ர்’ என்றால் ‘அவனுக்குக் காய்ச்சல்’. பெண் குழந்தையாயின் ‘எல் ஆ’ என்று தொடங்குக. ‘ஆபத்தானதா?’ என வினவ, ‘எஸ்கெ ஸே கிராவ்?’ என்க. ‘ஸெ நே பா கிராவ்’ என்று பதில் வந்தால் நெஞ்சு ஆறலாம். அந்தப் ‘பா’ நாம் பிள்ளைகளைக் கூப்பிடும் ‘பா’ அன்று. ‘இல்லை’ என மறுப்பது. அதைத் தவறவிட்டால் ‘கிராவ்’ மட்டும் காதில் விழுந்து, ஆபத்தென்று அலற நேரும்.

ஆறுதல் சொல்வதில் நமக்குச் சிரமமில்லை. அவர்களுக்கும் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு உண்டு. மாமியாரிடம், மருத்துவரிடம், அறிமுகமில்லாரிடம் ‘நெ வூஸேங்கியேத்தே பா’, கவலைப்படாதீர்கள்; பிள்ளையிடம், தோழியிடம் ‘நெ தேங்கியேத் பா’, கவலைப்படாதே.

நெமிலித் தாய் இவற்றைத் தாளில் எழுதி மகளுக்கு அனுப்பினாள். அடியில் 15 என்ற எண்ணையும், வீட்டு முகவரியைப் பிரெஞ்சு உச்சரிப்பில் தமிழெழுத்திலும் எழுதித் தொலைபேசிக்கருகே ஒட்டிவைக்கும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறாள்.