127 பல் கியரைக் காணோம்!
63 பல் கைகொடுக்கிறது

சென்னை லேத் பட்டறைகளில் பழைய இங்கிலீஷ் லேத் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு.

“மில்லிமீட்டர் மரை போட்டுக் கொடுப்பா” என்று ஆள் வந்து நிற்பார். லேத்தோ அங்குலக் கணக்கு! 1956-ல் மெட்ரிக் சட்டம் வருவதற்கு முந்திய மிஷின்.

இரண்டையும் சேர்த்து வைப்பது 127 பல் கியர். 5 அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். 127 பகா எண் ஆச்சே! சின்ன கியர்களைக் கோத்து அதைக் கொண்டுவர முடியாது.

பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் பல்லை மட்டும் எண்ணி வாங்கினால் போச்சு. பல்லின் அளவு, நடுத்துளை இரண்டும் பொருந்த வேண்டும்.

புதிதாக வெட்டலாமா? டிவைடிங் ஹெட்டில் சாதாரணத் துளைத் தட்டை வைத்து 127 வராது. கூடுதல் கியர் மாட்டி வெட்ட வேண்டும். கூலி எகிறும்.

அதனால்தான் பலர் 63 பல் கியரைத் தேடுகிறார்கள். 127-க்கு 100 என்பதற்குப் பதில் 80-க்கு 63. ஒரு மீட்டர் மரைக்கு எட்டில் ஒரு மில்லிமீட்டர்தான் பிசகும்.

போல்ட்டு, நட்டுக்கு இது தாராளம். இன்னொரு லேத்துக்கு லீட் ஸ்குரூ கடைய நம்பினால் வம்புதான்!