பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி ஏன்?

சித்திரை வெயிலில் மேடேறி வந்து சற்று இளைப்பாறிய பழைய அம்பாசிடர், தொட்டியில் பெட்ரோல் இருந்தும் மறுபடி கிளம்ப மறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பம்பு என்ஜினின் விலாவிலேயே பொருந்தியிருப்பதால், வண்டி நின்று காற்றோட்டம் ஓய்ந்ததும், என்ஜினின் உஷ்ணம் அதிலேறி உள்ளிருக்கும் திரவத்தை ஆவியாக்கிவிடுகிறது. ஆவியோ பஞ்சைப்போல அமுங்கி விரியுமேயன்றிப் பெட்ரோலை இழுத்துத் தராது. கீறல் விழுந்த குழலால் இளநீரை உறிஞ்சினால் காற்றன்றி வேறென்ன வரும்?

என்ஜினை நிறுத்தி, நனைத்த துணியொன்றைப் பம்பின்மேல் சுற்றுங்கள். மண்பானையின் மேனியில் கசியும் நீர் ஆவியாகையில் உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டைக் கவர்ந்து செல்வதுபோல, துணியின் ஈரமும் பம்பின் சூட்டைக் கவர்ந்து செல்ல, சிறைப்பட்ட ஆவி மீண்டும் திரவமாகிறது. பௌதிக சாஸ்திரம் பயிலாத டிரைவர்கள் கைக்கொண்ட இவ்வுபாயம் எனக்கு இன்றும் ஆச்சரியமே.

சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்புங்கள்.