வரப்புக் கீரையும் புல்லு மருந்தும்

நகரிச் சந்தைக்குப் போனால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"இந்தத் தக்காளியைப் பாருடி. கல்லு மாதிரி இருக்குது. பத்து நாள் வெச்சாலும் அழுகாது. இதெல்லாம் மரபணு மாத்தின தக்காளியாம். சாப்பிட்டா கேன்சர் வருமாம்."

"அப்படியாக்கா?"

அப்படி இல்லை. அது மரபணு மாற்றிய தக்காளி அல்ல. அந்த மாதிரித் தக்காளியைப் பயிர் செய்ய நம் நாட்டில் அனுமதியே கிடையாது. விதையில்லாத திராட்சையும் அப்படித்தான். ரெட் லேடி பப்பாளியும் அப்படித்தான். பிராய்லர் கோழியும் அப்படித்தான். எதுவும் மரபணு மாற்றியது இல்லை.

ஆனால் அந்த அக்காவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் சாப்பாட்டில் என்ன கலக்கிறது என்று அவர் கேட்கிறார். நல்ல கேள்வி. பயம் சரிதான். பயப்படுகிற இடம்தான் மாறிப் போயிற்று. சந்தைத் தக்காளியைப் பார்த்துப் பயப்படுகிறோம். நம் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தொங்கும் புல்லு மருந்து டப்பாவைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். முதலில் விதை. பிறகு மருந்து.

மரபணு என்றால் என்ன?

ஒரு விதைக்குள் குறிப்பு எழுதி வைத்தது போல ஒன்று இருக்கிறது. இலை எப்படி வர வேண்டும், காய் என்ன நிறம், எத்தனை நாளில் விளைய வேண்டும், எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கும் உண்டு. அம்மாவின் மூக்கு மகளுக்கு வருவது இதனால்தான்.

நம் பக்கம் நாராயணி, தரணி என்று வேர்க்கடலை ரகங்கள் உண்டு. இவை திருப்பதி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. ஒரு கடலைச் செடியையும் இன்னொரு கடலைச் செடியையும் சேர்த்து, நல்லதைப் பொறுக்கி எடுப்பார்கள். கடலையோடு கடலை சேரும். இது பழைய முறை. சந்தைத் தக்காளி வீரிய ஒட்டு ரகம். அதிலும் தக்காளியோடு தக்காளிதான் சேர்கிறது.

மரபணு மாற்றம் என்பது வேறு. சொந்தமே இல்லாத ஓர் உயிரிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து, செடியின் குறிப்புக்குள் ஒட்டுவார்கள். பருத்தியில் அதைத்தான் செய்தார்கள். மண்ணில் ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. காய்ப்புழுவைக் கொல்லும் பொருள் அதனிடம் உண்டு. அந்த வரியைப் பருத்திக்குள் வைத்தார்கள். செடியைக் கடித்த புழு செத்தது. இதுதான் பி.டி. பருத்தி. 2002 மார்ச்சில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி இதுதான். முதலில் மருந்துச் செலவு குறைந்தது. பிறகு புழுவில் ஒரு வகை இதற்கும் பழகிக்கொண்டது. புழு சும்மா இருக்குமா?

அடுத்து கத்தரிக்காய்க்கு வந்தார்கள். 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு பி.டி. கத்தரிக்காய்க்குச் சம்மதம் சொன்னது. ஊரெல்லாம் எதிர்ப்பு வந்தது. அப்போது ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சர். அவர் 7 நகரங்களுக்குப் போய் மக்களிடமே கேட்டார். நமக்குக் கிட்டத்தில் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் கூட்டம் நடந்தது. விவசாயிகள் பேசினார்கள். விஞ்ஞானிகள் பேசினார்கள். சத்தமும் சண்டையும் வந்தது. 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி, "இப்போது வேண்டாம், நிறுத்தி வைக்கிறோம்" என்று அமைச்சர் அறிவித்தார். பங்களாதேஷில் 2014 முதல் அந்தக் கத்தரியைப் பயிர் செய்கிறார்கள்.

கடுகும் வரிசையில் நிற்கிறது. 2022-ல் குழு சம்மதம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

நம் சோற்றுப் பக்கமும் ஒரு புதுச் செய்தி உண்டு. சாம்பா மசூரி அரிசி நமக்குத் தெரியும். பி.பி.டி. என்று சொல்லி வாங்குகிறோம். பாபட்லாவில் பிறந்த ரகம். அதில் ஒரு மாற்றம் செய்து, கமலா என்ற நெல்லை ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. இதில் வேறு உயிரின் வரி எதையும் ஒட்டவில்லை. நெல்லின் சொந்த வரியிலேயே ஒரு எழுத்தைத் திருத்துவது போன்ற வேலை. பருத்தியில் செய்தது வேறு, இது வேறு.

அப்படியென்றால் நம் வீட்டுக்குள் மரபணு மாற்றிய பொருள் வரவே இல்லையா? வருகிறது. எண்ணெய் வழியாக வருகிறது. பருத்திக் கொட்டையில் எண்ணெய் ஆட்டிச் சமையலுக்கு விற்கிறார்கள். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விளையும் சோயா பெரும்பாலும் மரபணு மாற்றியதுதான். எண்ணெயில் அந்த மரபணு அநேகமாக மிஞ்சாது. வடிகட்டும்போதே போய்விடும். பாமாயில், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றும் மரபணு மாற்றிய பயிரிலிருந்து வருவதில்லை.

இனி மருந்துக்கு வருவோம்.

அந்த வெளிநாட்டுச் சோயாவை எதற்காக மாற்றினார்கள்? புழுவுக்காக அல்ல. களைக்கொல்லிக்காக. அமெரிக்காவில் 1996-ல் அதை விதைக்கத் தொடங்கினார்கள். வயல் முழுவதும் மருந்து அடித்தாலும் சோயா சாகாது. சுற்றியுள்ள புல்லெல்லாம் சாகும். அந்த மருந்தின் பெயர் கிளைபோசேட். மான்சான்டோ கம்பெனி 1974-ல் ரவுண்டப் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. விதையும் அதே கம்பெனி, மருந்தும் அதே கம்பெனி. யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போகும். வேர் வரை இறங்கும். செடி வளரத் தேவையான சத்தைச் செய்துகொள்ள விடாமல் தடுக்கும். சில நாளில் செடி மஞ்சளாகிக் காயும். "அந்த வேலை மனித உடம்பில் நடப்பதில்லை, அதனால் மனிதருக்கு ஆபத்தில்லை" என்று கம்பெனி சொன்னது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வேறு மாதிரி சொன்னது. "இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்றது. அமெரிக்க அரசின் அமைப்பும் ஐரோப்பிய அமைப்பும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2018-ல் அமெரிக்காவில் பள்ளித் தோட்டத்துக்கு மருந்து அடித்த ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. 2023-ல் ஐரோப்பா இந்த மருந்துக்கு இன்னும் 10 ஆண்டு அனுமதி கொடுத்தது.

பெரியவர்களே இப்படிச் சண்டை போட்டால் நாம் எதை நம்புவது? ஒன்றைக் கவனியுங்கள். வழக்குப் போட்டவர் சோயா எண்ணெய் சாப்பிட்டவர் அல்ல. மருந்து அடித்தவர். தட்டில் மீதியாக வருவது மிகச் சிறிய அளவு. டேங்கைத் தூக்கி அடிப்பவர் உடம்பில் படுவது அதைவிடப் பல மடங்கு.

இலங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே விவசாயிகள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. கிளைபோசேட்தான் காரணம் என்று சந்தேகப்பட்டு 2015-ல் தடை செய்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் களை எடுக்க ஆள் போதவில்லை. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். நம் ஆந்திராவிலேயே ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம் பகுதியில் அதே போன்ற நோய் இருக்கிறது. தண்ணீரா, வெயிலா, மருந்தா, எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் முடிவாகவில்லை.

நம் நாட்டில் கிளைபோசேட் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும்தான் அனுமதி பெற்றது. 2018-ல் ஆந்திர அரசு விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. அனுமதி இல்லாத பருத்தி விதை திருட்டுத்தனமாக வந்ததுதான் அதற்குக் காரணம். களைக்கொல்லி தாங்கும் விதை அது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் ஓர் உத்தரவு போட்டது. பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள் மட்டுமே இதை அடிக்க வேண்டும் என்றது. ஆனால் மாந்தோப்பில் மரத்தடியில் யார் அடிக்கிறார்கள்? நம் அண்ணன் தம்பிதான். செருப்புக் கூட இல்லாமல்.

ஏன் அடிக்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஓர் ஏக்கர் கடலைக்குக் களை எடுக்கப் பத்துப் பதினைந்து பெண்கள் வேண்டும். பாதிப் பேர் விசைத்தறிக்குப் போய்விட்டார்கள். ஒரு டேங்க் மருந்து அடித்தால் அரை நாளில் வேலை முடிகிறது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே நேரம், அந்தப் பத்துப் பதினைந்து பெண்களின் கூலியும் போயிற்று. இதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

டப்பாவில் என்ன படிக்கலாம்?

நாம் தமிழ் எழுத்துக் கற்றோம். இங்கே கடையில் விற்கும் டப்பாவில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம்தான் இருக்கும். பரவாயில்லை. நிறத்தைப் படிக்கலாம். ஒவ்வொரு டப்பாவிலும் முனையில் நிற்கும் சதுரம் ஒன்று உண்டு. அதன் கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மண்டை ஓடும் போட்டிருக்கும். மஞ்சள் என்றால் கொடிய விஷம். நீலம் நடுத்தரம். பச்சை என்றால் விஷம் குறைவு.

இதில் ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. "பச்சைதானே, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அந்த நிறம் ஒரே தடவை உள்ளே போனால் எவ்வளவு சிறிய அளவில் உயிர் போகும் என்பதை மட்டும் காட்டுகிறது. பத்து வருடம் தொடர்ந்து அடித்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டாது.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிர் போகலாம். இதைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது. தாகத்தில் வரும் பெரியவரும் இருக்கிறார். எந்த மருந்தையும் அதன் டப்பாவிலேயே வையுங்கள். பூட்டி வையுங்கள். யாருக்காவது உள்ளே போய்விட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும்.

அடிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ், முகத்துக்குத் துணி வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்கக் கூடாது. துவைப்பது பெண்கள்தானே, அவர்கள் கையிலும் மருந்து படுகிறது. சந்தேகம் இருந்தால் ஊரிலுள்ள ரைது சேவா கேந்திரத்தில் கேட்கலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது. தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாகக் கீரை. இது எங்கள் மையத்தில் ஒரு பெரியம்மா கேட்டது.

"ஏம்மா, வரப்புல மருந்து அடிச்சா எத்தினி நாள் கழிச்சுக் கீரை பறிக்கலாம்?"

டப்பாவோடு வரும் காகிதத்தில் காத்திருக்கும் நாள் என்று ஒன்று இருக்கும். மருந்து அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஆனால் அது நெல்லுக்கு, கடலைக்கு, கரும்புக்கு எழுதிய நாள். பண்ணைக் கீரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் எழுதியது அல்ல. மருந்துக்கு அவை களை. நமக்கு அவை ராத்திரிக் குழம்பு. காசில்லாத நாளில் வீட்டைக் காப்பாற்றும் கீரை அதுதான்.

அந்தக் கீரைக்கு நாள் குறித்தவர் யாரும் இல்லை. கழுவினால் போய்விடும் என்றும் நம்ப முடியாது. சில மருந்து இலைக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால் அடித்த வரப்பில் அந்தப் போகம் முழுக்கப் பறிக்க வேண்டாம். மாட்டையும் அங்கே கட்ட வேண்டாம். மருந்து அடிக்கிறவர் முதல் நாளே சொல்லட்டும். வரப்பின் இரண்டு முனையிலும் ஒரு சிவப்புத் துணி கட்டட்டும். வீட்டுக் கொல்லையில் இரண்டு பாத்தி கீரை போடுங்கள். அதில் எந்த மருந்தும் வேண்டாம்.

பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "வரப்பை விட்டுட்டு வயலுக்குள்ள மட்டும் அடிக்கச் சொன்னா ஆவாதா?" என்றார். ஆகும். நிலத்துக்காரரிடம் அதையே கேட்கலாம். வரப்புப் புல்லை அறுத்தால் மாட்டுக்கும் ஆகும்.