பாலவனத்தத்துக்கு எந்தப் புல்?

"அண்ணே, ஃபெஸ்க்யூன்னு ஒரு புல்லு விதை போன்ல விக்கிறாங்க. வறட்சி தாங்குமாம், வருஷம் பூராம் பச்சையா நிக்குமாம். ஆட்டுக்கு வாங்கிப் போடலாமா?"

பாலவனத்தம் டீக்கடையில் செம்மறி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால், வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்குள் புல்லைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு, ஆற அமரப் பேசினோம். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபெஸ்க்யூ குளிர்நாட்டுப் புல். லின்னேயஸ் 1753-இல் ஃபெஸ்டுகா என்று பெயர் வைத்த பேரினம். இன்று அதில் 400-க்கும் மேற்பட்ட இனங்களைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நூல் போல மெலிந்த இலையுள்ள செம்மறி ஃபெஸ்க்யூ, புல்தரை போட உதவும் சிவப்பு ஃபெஸ்க்யூ, இடுப்புயரம் எழும் உயர ஃபெஸ்க்யூ எனப் பல வகை. மேய்ச்சலுக்கு என்று விற்பது பெரும்பாலும் இந்த உயர வகையைத்தான். வேர் ஆழமாகப் போகும், மாடு மிதித்தாலும் சாகாது. குளிர்நாட்டுப் புற்களுக்குள் வறட்சி தாங்குவதில் இதற்கு நல்ல பெயர் உண்டு. விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் வறட்சி வேறு, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வறட்சி வேறு. ஃபெஸ்க்யூ செழித்து வளர்வது 15 முதல் 24 டிகிரி வரையிலான இதமான குளிரில். முப்பதைத் தாண்டினால் சோர்ந்துபோகும். நமக்குச் சித்திரை வெயில் நாற்பதைத் தொடும்.

வெயிலில் ஒரு புல் வாட, இன்னொன்று நிற்பது எப்படி? காரணம் இலைக்குள் இருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. அதற்கு ஒரு குறை உண்டு. சூடு ஏற ஏற, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைச் சரிசெய்யவே செடிக்குச் சக்தி வீணாகும். இதில் இன்னொரு இடைஞ்சல், வறண்ட காற்றில் தண்ணீரைக் காப்பாற்றச் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்வது. உள்ளே கரியமில வாயு குறையும், நொதியின் தவறு கூடும். ஃபெஸ்க்யூ, கோதுமை, நெல் எல்லாம் இந்த வழியில் வாழ்பவை. நெல் நம் வெயிலில் நிற்கிறதென்றால் அதற்கு வயலில் கட்டும் தண்ணீர் பெரிய காரணம்.

கம்பு, சோளம், கரும்பு, குதிரைவாலி, அருகு, கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றுக்கு வேறு ஏற்பாடு. இலையின் வெளியடுக்குச் செல்களில் வேறொரு நொதி இருக்கிறது. அது ஆக்ஸிஜனைத் தொடவே தொடாது. கரியமில வாயுவை மட்டும் பிடித்து, நான்கு கார்பன் உள்ள அமிலமாக்கி, நரம்பைச் சுற்றிய தடித்த செல்களுக்கு அனுப்பும். அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு நெருக்கமாகச் சேரும். ரூபிஸ்கோ அந்த அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்வதால் அது தவறுவது மிகக் குறைவு. இலைத்துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும், தண்ணீரும் மிச்சம். கரும்பை ஆராய்ந்து இந்தப் பாதையை 1966-இல் விளக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த ஹேட்ச், ஸ்லாக் இருவரும். தாவர இனங்களில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் இந்த வகை. ஆனால் தரைமேல் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கால் பங்கு போல இவற்றுடையது. மானாவாரிக்காரர்கள் வாழ்வதே அந்தக் கால் பங்கை நம்பித்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஃபெஸ்க்யூவிடம் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆடு மாடு வைத்திருப்பவர் இதைக் கேட்டுவைப்பது நல்லது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மலைச்சரிவில் 1931-இல் கண்டெடுத்த உயர ஃபெஸ்க்யூ, 1943-இல் 'கென்டக்கி 31' என்ற ரகமாக வெளிவந்து லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. பச்சையாகத்தான் நின்றது. ஆனால் தின்ற மாடுகள் மெலிந்தன. கோடையில் உடம்பு சூடேறிக் குட்டையிலேயே கிடந்தன. குளிர்காலத்தில் ரத்தக்குழாய் சுருங்கிக் குளம்பும் வால் நுனியும் அழுகின. புல்லைப் பார்த்தால் நோயே தெரியாது. 1977-இல்தான் அந்தப் புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சணத்தின் மேல் பழி விழுந்தது. வெளியே தலைகாட்டாமல் தண்டிலும் விதையிலும் குடியிருந்து, பூச்சியிலிருந்து புல்லைக் காத்து, மாட்டுக்கு நஞ்சாகும் பூஞ்சணம். கம்பு போடுகிறவர்களுக்குக் கதிரில் தேன் வடிவது போல வடியும் தேன் ஒழுகல் நோய் தெரியும். அதைக் கொண்டுவரும் பூஞ்சணமும் இதுவும் ஒரே குடும்பம். இப்போது இந்தத் தொல்லை இல்லாத ஃபெஸ்க்யூ ரகங்களும் உண்டு. ஆனால் நமக்கு அந்தப் புல்லே தேவையில்லையே.

ஃபெஸ்க்யூ அங்கே செய்யும் வேலையை இங்கே செய்யும் புல் வரப்பிலேயே நிற்கிறது. கொழுக்கட்டைப் புல். தாவரவியலில் சென்கிரஸ் சிலியாரிஸ். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை வறண்ட நிலத்துக்குச் சொந்தமானது. ஆஸ்திரேலியர்கள் பஃபல் புல் என்பார்கள். ஒரு கதிரைப் பறித்துப் பாருங்கள். விரல் நீளம், உருண்டு திரண்டு, மழைக்குப் பிறகு வந்தது என்றால் செம்பு கலந்த ஊதா நிறம், காய்ந்தால் வைக்கோல் நிறம். உள்ளே ஒன்றிரண்டு சிறுகதிர்களைச் சுற்றி மெல்லிய மயிர் வளையம். அவை உண்மையில் மயிர் அல்ல, பூ பூக்காமல் குச்சியாகிப்போன சின்னஞ்சிறு கிளைகள். முற்றியதும் வளையத்தோடு சேர்ந்தே விதை உதிரும், காற்றில் உருளும், ஆட்டு ரோமத்தில் ஏறிப் போகும். இதன் நெருங்கிய சொந்தத்தில் சிலவற்றுக்கு அந்தக் குச்சிகள் முள்ளாகிக் காலில் குத்தும். இதில் மெத்தென்றிருக்கும். ஆடு முகம் சுளிக்காமல் தின்ன அதுவும் ஒரு காரணம்.

வகைப்பாட்டில் புல் எப்போதும் தகராறுதான். உயர ஃபெஸ்க்யூ 1993-இல் ஃபெஸ்டுகாவை விட்டு லோலியம் பேரினத்துக்குப் போனது. ரை புல்லோடு சுலபமாக ஒட்டுச் சேர்வதால் அது அந்தக் கூட்டம்தான் என்றார்கள். இன்னும் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கேயும் அப்படி ஒன்று நடந்தது. கம்பு, நேப்பியர் எல்லாம் பென்னிசெட்டம் என்ற பேரினத்தில் இருந்தன. கொழுக்கட்டைப் புல்லை ஒருவர் இதில் வைப்பார், இன்னொருவர் சென்கிரஸில் வைப்பார். அந்தக் குச்சி வளையம் அடியில் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா என்பதே வழக்கு. 2010-இல் டி.என்.ஏ. ஆய்வோடு இரண்டு பேரினத்தையும் சென்கிரஸ் என்றே ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில், நாம் குடிக்கும் கம்பங்கூழும் வரப்பில் ஆடு கடிக்கும் புல்லும் ஒரே பேரினம். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

நம்மவர்கள் வேறு கோட்டில் பிரித்தார்கள். வைரம் வெளிப்புறம் இருந்தால் புல், உட்புறம் இருந்தால் மரம் என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் மூங்கிலும் புல், பனையும் புல். பனையை அறுத்தவர்களுக்குத் தெரியும், ஓரம் இரும்பு, நடுவே சோறு. பனை இன்றைய புல் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் புல்லும் பனையும் ஒருவித்திலை என்ற ஒரே பெரும்பிரிவில்தான் நிற்கின்றன. தண்டை அறுத்துப் பார்த்தே அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் மதுரையில் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

வயலில் நின்று பார்க்க இரண்டு வழி சொல்கிறேன். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். உருளாமல் மூன்று பட்டை தட்டினால் அது கோரை, புல் அல்ல. களைக்கொல்லி வாங்கப் போகும்போது இந்த வித்தியாசம் காசு. அடுத்தது, இலை தண்டைத் தழுவி நின்றுவிட்டு விலகும் மூட்டு. இலையை மெதுவாகப் பின்னால் வளைத்தால் அந்த இடத்தில் சின்ன நாக்கு தெரியும். ஃபெஸ்க்யூவில் அது மெல்லிய சவ்வு. கொழுக்கட்டைப் புல்லில் கண்ணிமை போல மயிர் வரிசை. நெல்லில் நீண்ட சவ்வு. குதிரைவாலிக்கும் நெல் வயலில் களையாக வரும் அதன் சொந்தக்காரர்களுக்கும் நாக்கே கிடையாது. கதிர் வருமுன் நாற்றுக்குள் களையைக் கண்டுபிடிக்க இதைவிட நிச்சயமான அடையாளம் இல்லை.

"சரிண்ணே, கரிசல்ல வருமா?" என்றார் தம்பி. நல்ல கேள்வி. தண்ணீர் தேங்கும் கனத்த கரிசலில் கொழுக்கட்டைப் புல் திணறும். வடிகால் உள்ள செவல், மணல் கலந்த நிலம், மேட்டு வரப்பு ஆகியவைதான் அதற்கு வாகு. நம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அதற்கு முன் புரட்டாசியில் விதைத்துவிட வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ போதும். விதை பஞ்சு போலப் பறக்கும் என்பதால் ஈர மணலில் கலந்து தூவி, மேலாக மூடினால் போதும், ஆழம் ஆகாது. கூடவே முயல் மசால் போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து, ஆட்டுக்குப் புரதம். முதல் அறுப்பு எழுபது நாளுக்கு மேல். பூக்கத் தொடங்கும்போதே அறுக்க வேண்டும். முற்றவிட்டால் நார்தான் மிஞ்சும்.

இது கனவு அல்ல. காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று வைத்திருக்கிறார்கள். கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு அந்த மேய்ச்சலில் வளர்ந்தது. நம் பக்கத்தில் வெம்பூர்ச் செம்மறியும் கன்னி ஆடும் இருக்கின்றன. மேய்ச்சல் புறம்போக்கைத்தான் சீமைக்கருவேலிடம் விட்டுவிட்டோம். அதன் நிழலுக்கும் வேருக்கும் அடியில் புல் எழும்புவது கடினம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. ஃபெஸ்க்யூ விதைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு மூலையையாவது வேரோடு கருவேல் பிடுங்கி மீட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதே கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்திலும் வந்தேறியாகி, காய்ந்து தீப்பிடித்து அந்த ஊர்ச் செடிகளை அழிக்கிறது. அந்தந்த மண்ணுக்கு அந்தந்தப் புல்.

விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இந்தப் புல் பெரும்பாலும் மகரந்தம் சேர்ந்து கருவுறாமலே விதை கட்டும், எனவே குட்டி தாயைப் போலவே இருக்கும். நல்ல தூராக, இலை அகலமாக நிற்கும் செடியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கதிர் வெளுத்ததும் அடியிலிருந்து நுனிக்கு விரலால் உருவினால் கையோடு வந்துவிடும். புது விதைக்கு உறக்கம் உண்டு, உடனே போட்டால் சரியாக முளைக்காது. துணிப்பையில் கட்டி ஏழெட்டு மாதம் உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். தை மாதம் உருவினால் புரட்டாசிக்குக் கணக்காக இருக்கும்.