வண்டியில் எழும் "டொக்" ஓசை

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபோது, கல்லூரிக் காலத்து நினைவுகளை எழுதப் பலர் இருப்பர் என்றும், யான் வேறொன்று எழுதுவேன் என்றும் விடையிறுத்தேன். யான் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் எம் வீட்டு மொறிஸ் மைனர் வண்டியைக் கழற்றிப் பூட்டுவதே நெடுங்காலமாக என் பொழுதுபோக்கு. நம் பழைய மாணவருள்ளும் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸையோ ஒஸ்ரினையோ கொட்டிலில் வைத்துப் போற்றுவோர் சிலர் உளர். விடுமுறையில் ஊருக்கு வந்து வண்டியை வெளியே எடுத்தவுடன் அவர்கள் என்னிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே. "பிறேக்கை மிதித்தால் முன்பக்கத்தில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது, பிறேக்கைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்பதே அது.

கழற்றிப் பார்க்கலாம், ஆனால் பிழை அங்கே இருக்குமென்று எண்ணிக் கழற்றுதல் ஆகாது. அவ்வாறு எண்ணி யான் பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்வேன்.

கிறீச்சிடுவது உராய்வின் ஓசை. டொக்கென்பது மோதலின் ஓசை. இரண்டு உறுப்புகளுக்கிடையே இருக்கலாகாத ஓர் இடைவெளி உண்டாகிவிட்டது. பாரம் திசைமாறும் கணத்தில் ஓர் உறுப்பு அவ்விடைவெளியைக் கடந்து மற்றதை மோதுகின்றது. அவ்வோசை உலோகத்தின் வழியே ஓடி வேறோரிடத்தில் ஒலிக்குமாதலால், எங்கே கேட்கிறது என்பதில் காது நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். எப்பொழுது கேட்கிறது என்பதையே ஆராய்தல் வேண்டும். முன்னோக்கிச் செல்கையில் பிறேக்கை மிதித்ததும் ஒருமுறை, பின்னோக்கிச் செலுத்தி மிதித்ததும் ஒருமுறை என ஒலிக்குமாயின், சில்லைத் தாங்கும் ஏதோவோர் உறுப்பு முன்னும் பின்னுமாக நகர்கின்றது. பள்ளத்தில் இறங்கும்போது மாத்திரம் ஒலித்தால் அவ்வசைவு மேலுங்கீழுமானது. கிளச்சை விடும் கணத்தில் ஒலித்தால், பின்சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் யூனிவேர்சல் ஜொயின்றைப் பார்க்கவேண்டும். சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலித்தால் உடனே நிறுத்திச் சில்லின் சுரைகளை முறுக்கிப் பாருங்கள். இவையனைத்துக்கும் முன்பாகப் பின்பெட்டியைத் திறந்து ஜக்கையும் அதன் பிடியையும் வெளியே எடுத்து வைத்தல் நன்று. அவ்வளவிலேயே குணமான வண்டிகளும் உள.

அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் தொகையை முதன்முதல் எட்டியதும் அதுவே. அதன் முன்பக்க அமைப்பை அறிந்தாலன்றி ஓசையின் காரணம் விளங்காது. முன்பக்கத்தில் சுருள் வில்லோ வில்லுத்தகடோ இல்லை; நீண்ட முறுக்குக்கோல் ஒன்று வண்டியின் அடியில் நெடுக்காகக் கிடக்கின்றது. கீழ்க்கை எனப்படும் உறுப்பு அக்கோலை முறுக்கிக்கொண்டு மேலுங்கீழும் அசைகின்றது. சில்லைத் தாங்கும் கிங் பின்னின் இரு முனைகளும் மரையிடப்பட்டவை. அவை மேலும் கீழுமுள்ள ட்றனியன் என்னும் உலோகக் கட்டிகளுக்குள் திருகப்பட்டிருக்கும். ஒரு பக்கத்து மரை வலம்புரி, மற்றப் பக்கத்து மரை இடம்புரி. நிலம் சில்லை மேலே தள்ள, முறுக்குக்கோல் கீழ்க்கையைக் கீழே அழுத்துவதால், அம்மூலையின் பாரம் கீழ் ட்றனியனின் மரையிலேயே தொங்குகின்றது. மரை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் கிங் பின் கழன்றுவிடும். சில்லு வண்டிக்கடியில் மடிந்துவிடும்.

1992 ஆம் ஆண்டு எம் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைக்காது மண்ணெண்ணெயிற் கார்கள் ஓடிய காலம் அது. இரண்டு மாதமாகப் பிறேக்கை மிதிக்கும்போதெல்லாம் டொக்கென்று கேட்டது. யான் பிறேக்கென்றே முடிவுசெய்து, பிறேக் சூ என நாம் வழங்கும் பிறைவடிவத் தகடுகளை இருமுறை கழற்றிப் பூட்டினேன். ஓசை நிற்கவில்லை. பின்னர் அதற்குக் காதும் பழகிவிட்டது. ஓரிரவு தங்கைக்குப் பேற்றுநோவு கண்டு, தந்தையார் அவளை அவ்வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று விட்டுத் திரும்பினார். வீட்டுப் படலையில் வண்டியைத் திருப்பும்போது வலப்பக்க முன்சில்லு மடிந்து, வண்டி மூக்குக்குப்புற விழுந்தது. ஒரு மணிநேரத்துக்கு முன்னே அவ்வாறு நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விளக்கைக் கொண்டுவந்து பார்க்கும்படி மாத்திரம் சொன்னார். ட்றனியனுக்குள் கிறீசின் அடையாளமே இல்லை. மரையெல்லாம் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. குற்றம் வண்டியினதன்று, கிறீஸ் கன்னை ஈராண்டாக எடுக்காத என்னுடையது.

ஆகவே சோதனையை இங்கிருந்தே தொடங்குக. பின்சில்லுகளுக்குக் கல் அணைத்து, முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான பனங்குற்றிகளை வையுங்கள். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் தலையை நுழைத்தலாகாது. சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி உள்ளும் புறமுமாக அசைத்துப் பாருங்கள். அசைவிருந்தால், மற்றொருவரைப் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். அசைவு மறைந்தால் தளர்ச்சி சில்லின் பெயாறிங்கில் இருக்கின்றது. மறையாவிட்டால் கிங் பின்னிலோ ட்றனியனிலோ இருக்கின்றது. பின்னர் ரயருக்கடியில் நெம்புகோலை வைத்து மெல்ல உயர்த்தி, கீழ் ட்றனியனில் விரலை வைத்துப் பார்த்தால், மரையின் தேய்வு விரலுக்கே தெரியும். தேய்ந்தது தெரிந்தால் அவ்வண்டியைத் தெருவில் ஏற்றவேண்டாம். தேயாதிருந்தால், சில்லு நிலத்தில் ஊன்றாத நிலையிலேயே மேல் நிப்பிளுக்கும் கீழ் நிப்பிளுக்கும் கிறீஸ் செலுத்துக. பாரம் நீங்கினாலன்றி மரையின் அழுந்திய பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. யான் இப்போது ஆயிரம் மைலுக்கு ஒருமுறை தவறாது செய்கின்றேன்.

இனி, பிறேக்கின்போது மாத்திரம் எழும் டொக்குக்கு மிகப் பொதுவான காரணம் ஆபத்திற் குறைந்தது. கீழ்க்கையிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஓடும் இழுகம்பியின் முனையில் றப்பர்ப் புஷ்கள் உண்டு. சில்லு முன்பின்னாக நகராமற் காப்பது அக்கம்பியே. றப்பர் நைந்தால் பிறேக் பிடிக்கும்போது கீழ்க்கை முழுவதும் பின்வாங்கி உலோகத்தோடு மோதும். புதிய புஷ்களின் விலை அற்பம். பழைய ரயரில் வளையம் வெட்டி யான் போட்டுப் பார்த்ததுண்டு. ஒரு மழைக்காலங்கூடத் தாங்கவில்லை. கீழ்க்கையின் உள்முனையிலுள்ள றப்பர்ப் புஷ் தேய்ந்தாலும் இதே ஓசைதான். அதனை மாற்றுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: இறுதி முறுக்கை, வண்டி தன் சில்லுகளில் நின்று தன் பாரத்தைத் தாங்கிய பின்னரே கொடுக்கவேண்டும். சில்லு தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியவுடன் றப்பர் முறுகி விரைவிற் கிழியும். நம்மூர் மெக்கானிக்குகளிற் பலர் இதனைச் செய்வதில்லை.

பிறேக்கிலேயே எழும் டொக்கும் உண்டு. சூக்களை இழுக்கும் சிறு வில் முறிந்திருக்கலாம். அவற்றைத் தாங்கும் பின்தகட்டின் போல்ற்றுகள் தளர்ந்திருக்கலாம். இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது ஒன்று. ஒருமுறை ஒரு கராச்சில் டிரம்களைக் கடைந்து வாங்கினேன். அன்றிலிருந்தே டொக், டொக் என்றது. கடைசல் பொறியில் உளியை விரைவாக நகர்த்தியதால் டிரம்மின் உட்புறத்தில் இசைத்தட்டின் கோடு போல நுண்ணிய புரி விழுந்திருந்தது. பிறேக்கை மிதித்தபோது சூ அப்புரியைப் பற்றி ஒருபக்கமாக ஏறி, பிடி நழுவியதும் தன் இடத்துக்கு மோதி மீண்டது. உப்புத்தாளாற் குறுக்கே தேய்த்துப் புரியை அழித்தேன், ஓசை ஒழிந்தது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளிற் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை ஒரு பையிலிட்டுக் கட்டி எறிந்துவிடுக.

பள்ளத்தில் மாத்திரம் ஒலிப்பதற்கு ஷொக் அப்சோபரைப் பாருங்கள். அடிச்சட்டத்தோடு அதனைப் பிணைக்கும் போல்ற்றுகள் தளர்வதுண்டு. உள்ளே எண்ணெய் வற்றுவதுமுண்டு. பின்பக்கத்தில் வில்லுத்தகட்டின் ஷக்கிள் றப்பர்களையும், அச்சை வில்லோடு இறுக்கும் யூ போல்ற்றுகளையும் முறுக்கிப் பார்த்தாற் போதும்.

எம் மொறிஸ் இன்றும் ஓடுகின்றது. அன்றிரவு பிறந்த தங்கையின் மகள் வண்டியோட்டப் பழகியதும் அதிலேதான். ஓட்டுகையில் அவளை அமர்த்துமுன் கிறீஸ் கன்னைக் கையிற் கொடுத்து, நான்கு நிப்பிள்களையும் எனக்குக் காட்டச் சொன்னேன்.