ரத்த டெஸ்டில் தெரியுமா பிள்ளை மனசு?

திண்டிவனம்: "சர்க்கரைக்கு டெஸ்ட் இருக்கு, கொழுப்புக்கு டெஸ்ட் இருக்கு. புள்ள மனசுல என்ன ஓடுதுன்னு பார்க்க ஒரு டெஸ்ட் இல்லையா சார்?"

பிளஸ்-2 'ரிசல்ட்' வரும் நாட்களில் பெற்றோர் வாயில் வரும் கேள்வி இது. அசட்டுக் கேள்வி அல்ல. விஞ்ஞானிகளே 50 ஆண்டுகளாக இதற்கு விடை தேடுகிறார்கள்!

1976-ல் சுவீடன் நாட்டு பெண் டாக்டர் மேரி ஆஸ்பெர்க், மனச்சோர்வு நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை சோதித்தார். மூளையில் சுரக்கும் 'செரோட்டோனின்' என்ற ரசாயனம் சிதைந்து மிஞ்சும் பொருள் சிலருக்கு குறைவாக இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் அவர்களில்தான் அதிகம்.

2013-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக டாக்டர்கள், ரத்தத்திலேயே அடையாளம் கிடைத்ததாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வேறொரு மரபணுவை காட்டியது.

ஆனால் இன்றுவரை எந்த 'லேப்'பிலும் இதற்கு நம்பகமான டெஸ்ட் கிடையாது. அடையாளம் உள்ள பலர் நன்றாக வாழ்கிறார்கள், இல்லாதவர்களும் தவிக்கிறார்கள். காசு கொடுத்தால் பார்த்துச் சொல்கிறேன் என்று எவராவது வந்தால் நம்ப வேண்டாம்.

வேலூர் கணக்கு

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் ரத்தம் எடுக்கவில்லை. கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை குடும்பத்தாரிடம் விசாரித்தார்கள். 10 முதல் 19 வயதுக்குள் ஆண்டுக்கு லட்சம் பேரில் தற்கொலையால் இறந்த பையன்கள் 58 பேர். பெண்கள் 148 பேர்! 2004-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. பையனின் மார்க்கை நினைத்து கவலைப்படும் வீடுகளில் பெண் பிள்ளையின் முகத்தை யார் பார்த்தார்கள்?

கேட்டால் தப்பா?

"கேட்டா இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமே" என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று பதறாமல் கேட்டால் பிள்ளையின் பாரம் குறையுமே தவிர கூடாது. தூக்கம் கெடுவது, பேச்சை நிறுத்துவது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது - இவற்றை நாடகம் என்று தள்ளக் கூடாது.

போலீஸ் கேஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்கு போகாதவர்களும் உண்டு. முயன்றவரை கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம்.

திண்டிவனத்துக்காரர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரை பார்க்கலாம். 14416-க்கு போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையில் 1986 முதல் நடக்கும் 'சினேகா' அமைப்பின் எண்: 044-24640050.