அடுத்த மந்திரம் எது?

என் தோழியின் வீடு மயிலிட்டியில், துறைமுகத்திலிருந்து ஐந்து நிமிட நடைத்தூரத்தில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்த ஊர்ச் சனம் எல்லாவற்றையும் விட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான நாங்களும் வெளியேற்றப்பட்டோம். எங்கள் இருவர் வீட்டிலும் "தொண்ணூறுக்கு முன்", "தொண்ணூறுக்குப் பின்" என்றுதான் காலத்தைச் சொல்வார்கள். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 ஜூலை 3ஆம் திகதி மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் தோழியின் பெரியப்பா குடும்பம் கனடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு விடுமுறையில் அங்கே இரண்டு நாள் தங்கினேன். விடியற்காலை ஆறு மணிக்குத் தோழியின் தம்பி கணினிக்கு முன் உட்கார்ந்துவிடுவான். அப்போது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஏழரை. பெரியப்பாவின் மகன் வேலை முடிந்து வந்து அங்கே உட்காருவான். நேரில் ஒருவரையொருவர் ஒரே ஒருமுறை பார்த்த இந்த அண்ணன் தம்பி இருவரும், 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் கிழமைக்கு மூன்று நாள் சந்திக்கிறார்கள். மாதச் சந்தாவைக் கட்டுவது கனடா அண்ணன்.

தம்பிக்குப் பிறவியிலேயே இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அந்த விளையாட்டோ இருபது முப்பது விசைகளில் விரல்கள் ஓடவேண்டிய ஒன்று. எப்படிச் சமாளிக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். திரையின் நடுவில் சிறு சதுரப் படங்கள் நான்கு வரிசையாக நின்றன. முதலாவது பெரிது, மற்றவை சிறிது. அவன் ஒரு விசையை அழுத்தியதும் வரிசை நகர்ந்து, அடுத்த படம் முன்னுக்கு வந்தது.

"இது அடுத்தது என்ன செய்யவேணும் எண்டு சொல்லும் அக்கா. செய்யிறது நான்தான்" என்றான்.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சொல்வது ஒன்று, செய்வது இன்னொன்று என்ற அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பற்றி, உலகின் பெரிய விளையாட்டு நிறுவனமொன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறது.

விளையாடாதவர்களுக்காக முதலில் சில விளக்கங்கள். இவ்விளையாட்டை அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. ஒரே கற்பனை உலகத்துக்குள் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் நடமாடலாம். ஒருவர் போர்வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் மந்திரவாதி. இங்கே மந்திரம் என்று சொல்வது விசையொன்றுக்கு இட்ட பெயர்தான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வீட்டில் உம்மா கேட்டால் இப்படியே சொல்லுங்கள். ஒரு மந்திரத்தை ஏவிய பிறகு அடுத்ததை ஏவப் பொதுவாக ஒன்றரைச் செக்கன் காத்திருக்க வேண்டும். சில மந்திரங்கள் மீண்டும் தயாராகப் பத்துச் செக்கன் ஆகும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நிமிடமும் ஆகும். ஆகவே எதை எப்போது ஏவுவது என்பதுதான் சண்டையின் கணக்கு.

இந்த விளையாட்டின் முகப்பை விளையாடுபவரே மாற்றியமைக்கலாம். அதற்கென எழுதப்படும் சிறு நிரல்களை 'அட்ஒன்' என்பார்கள். நான் துணைநிரல் என்கிறேன். 'லுவா' என்னும் கணினி மொழியில் அவை எழுதப்படுகின்றன. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த மொழி அது. போர்த்துக்கேய மொழியில் 'லுவா' என்றால் நிலவு. தம்பி வைத்திருந்த துணைநிரலின் பெயர் 'ஹெகிலி'. அடுத்த மந்திரத்தைப் பரிந்துரைக்கும் நிரல்களில் மிகப் பெயர்பெற்றது அதுவே.

அது எப்படி முடிவெடுக்கிறது? உள்ளே ஏதோ பெரிய மூளை இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். இருப்பது ஒரு பட்டியல். மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். எந்த வரியின் நிபந்தனை முதலில் பொருந்துகிறதோ அந்த வரியின் மந்திரம்தான் விடை. தம்பியின் பாத்திரம் தீ மந்திரவாதி என்பதால் அதையே உதாரணமாக எடுக்கிறேன். அவன் சாதாரணமாக எறிவது 'ஃபயர்போல்', அதாவது நெருப்புப் பந்து. எறிகிற பந்து சில வேளை வழக்கத்தைவிடப் பலமாக விழும். அப்படி விழுந்தால் அவனுக்கு 'சூடேறுகிறது' என்றொரு நிலை கிடைக்கும். அடுத்ததும் பலமாக விழுந்துவிட்டால் அந்தச் சூடு முழுமையடையும். அந்நேரம் 'பைரோபிளாஸ்ட்' என்ற பெரிய நெருப்பைக் காத்திருக்காமல் உடனே ஏவலாம்; மற்ற வேளைகளில் அதை ஓதி முடிக்கவே பல செக்கன் பிடிக்கும். இவற்றோடு 'ஃபயர் பிளாஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. அது எப்போதும் பலமாகவே விழும், ஆனால் எப்போதும் கைவசம் இராது.

இனிப் பட்டியலை எழுதிப் பாருங்கள். சூடு முழுமையாக இருந்தால் பைரோபிளாஸ்ட். இல்லையா, சூடேறும் நிலையில் இருந்து ஃபயர் பிளாஸ்டும் தயாராக இருந்தால் அது. இரண்டும் இல்லாவிட்டால் ஃபயர்போல். மூன்றே வரி. இதை மனதில் வைத்துக்கொண்டு எவரும் விளையாடலாம். உண்மையான பட்டியல் பல பத்து வரிகளுக்கு நீளும். ஃபயர் பிளாஸ்டை இன்னொரு மந்திரத்தை ஓதிக்கொண்டிருக்கும்போதே அழுத்தலாம் என்ற ஒரு விதியே எங்கள் மூன்று வரியைக் குழப்பிவிடப் போதும்.

இந்தப் பட்டியலின் வரிசை எவருடைய ஊகமும் அல்ல. 'சிமுலேஷன்கிராஃப்ட்' என்ற திறந்த மூல மென்பொருளில் ஆர்வலர்கள் ஒரே சண்டையை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த வரியை மேலே ஏற்றினால் சராசரிச் சேதம் கூடுகிறதா, கீழே இறக்கினால் குறைகிறதா என்று அளந்து அளந்து பட்டியலைத் திருத்துவார்கள். ஹெகிலி அந்தப் பட்டியல்களைத்தான் எடுத்தாண்டது.

ஆனால் பட்டியல் கூறுவது இந்தக் கணத்துக்குரிய ஒரு விடையைத்தான். திரையில் நின்றவை நான்கு படங்கள். எஞ்சிய மூன்றும் எங்கிருந்து வந்தன? இங்கேதான் ஹெகிலியின் கெட்டித்தனம் இருக்கிறது. முதல் மந்திரத்தை நீங்கள் ஏவிவிட்டதாக அது தனக்குள் வைத்துக்கொள்ளும். ஒன்றரைச் செக்கன் கழித்து உங்கள் சக்தி எவ்வளவு இருக்கும், எது தயாராகியிருக்கும், எதிரிமேல் எந்த நெருப்பு அணைந்திருக்கும் என்று கணக்கிட்டு ஒரு கற்பனை நிலவரத்தை அமைக்கும். அந்த நிலவரத்தில் பட்டியலைத் திரும்பவும் மேலிருந்து வாசிக்கும். அதில் வருவது இரண்டாவது படம். இப்படியே மூன்றாவது, நான்காவது. நடுவில் ஒரு பந்து எதிர்பாராமல் பலமாக விழுந்தால் கற்பனை முழுவதும் பிழைத்துவிடும். உடனே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஒரு செக்கனுக்குள் இது பலமுறை நடக்கும்.

அதற்குத் தெரியாதவையும் உண்டு. தரையில் தீ மூண்டிருந்தால் அதற்குத் தெரியாது. உங்கள் தோழர் விழப்போகிறார் என்றோ, எதிரி இன்னும் பத்துச் செக்கனில் மறைந்துவிடும், ஆகவே பெரிய மந்திரத்தை இப்போது வீணாக்காதே என்றோ அது சொல்லாது. ஓடு என்று ஒருபோதும் சொல்லவே சொல்லாது.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் துணைநிரல்களுக்கு இதைவிட அதிக சுதந்திரம் இருந்தது. 'டிகர்ஸிவ்' என்ற ஒன்று, குழுவில் யாருக்கு நோய் பிடித்திருக்கிறது என்று தானே தேடி, ஆளைத் தானே தெரிந்து, மருந்தையும் கொடுத்துவிடும். மனிதர் ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். 2006 டிசம்பரில் வந்த மாற்றத்தோடு பிளிஸார்ட் அதற்கு முடிவு கட்டியது. அன்றிலிருந்து சண்டையின் நடுவில் மந்திரத்தையோ ஆளையோ நிரல் தெரிவு செய்து ஏவ முடியாது. அது பேசலாம், கைவைக்கக் கூடாது. எனக்கு நியாயமாகவே படுகிற சட்டம் அது.

ஆனால் ஒன்றரைச் செக்கனுக்கு ஒருமுறை பேசுகிற ஒருவரை மறுத்துப் பேச மனிதருக்கு நேரம் எங்கே? சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் ஸ்பெயின் நாட்டின் லியோன் நகரில் காஸ்பரோவ் ஒரு புதுவகைப் போட்டியைத் தொடங்கினார். ஆட்டக்காரர் இருவர் பக்கத்திலும் ஆளுக்கொரு கணினி. அதனிடம் யோசனை கேட்டே ஆடலாம். ஒரு மாதத்துக்கு முன் கணினி இல்லாமல் நடந்த விரைவுச் சதுரங்கத்தில் டோபலோவை 4-0 என்று வென்றிருந்த காஸ்பரோவ், கணினியோடு ஆடியபோது 3-3 என்று சமநிலைதான் கண்டார். யோசனை இருவருக்கும் கிடைத்தபோது இடைவெளி மறைந்துபோயிற்று. மறு ஆண்டு அதே லியோனில் கார்ப்போவை 5-1 என்று வென்றவர் விஸ்வநாதன் ஆனந்த். அவர் பிறந்த ஊர் மயிலாடுதுறை. மயிலிட்டியில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, மயில்களுக்குள் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது என்று தோழி சிரித்தாள். இரண்டு பேரிடமும் கணினி இருந்தும் ஒருவர் அத்தனை தூரம் முந்தினார் என்றால், யோசனையை எடைபோடும் தலை இன்னும் வேலை செய்தது என்றுதானே அர்த்தம்? அங்கே எடைபோட நிமிடங்கள் இருந்தன. தம்பிக்கு இருப்பது ஒன்றரைச் செக்கன்.

மயிலிட்டியில் இப்போது கடலுக்குப் போகிற வள்ளங்களில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. முன்னர் காங்கேசன்துறை வெளிச்சவீட்டையும் கரையில் உயர்ந்து தெரிகிறவற்றையும் அடையாளம் வைத்துப் போனார்கள் என்று தோழியின் தகப்பனார் சொன்னார். கருவி வந்தபின் அடையாளம் பார்ப்பது குறைந்துவிட்டதாம். "ஆனா காத்து மாறினா அது சொல்லாது பிள்ளை" என்றார்.

பிளிஸார்டுக்கு வந்த சங்கடம் இன்னொரு பக்கத்திலிருந்து. எல்லோரிடமும் துணைநிரல் இருக்கிறது என்று தெரிந்ததும் வடிவமைப்பாளர்கள் சண்டைகளை இன்னும் சிக்கலாக்கினார்கள். சிக்கலானதும் துணைநிரல் இல்லாமல் விளையாடவே முடியாத நிலை வந்தது. புதிதாக வருகிற ஒரு பிள்ளை முதலில் பத்து நிரல்களை இறக்கிவைக்க வேண்டும். 2025 ஜூனில் நிறுவனம் பரிந்துரையைத் தானே விளையாட்டுக்குள் வைத்தது. ஒருவகையில் அடுத்த மந்திரத்தின் விசை ஒளிரும், அழுத்துவது நீங்கள். மற்ற வகையில் ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் போதும், எதை ஏவுவது என்பதை அதுவே தெரிந்தெடுக்கும். 2006இல் மூடிய கதவை நிறுவனமே திறந்ததைக் கவனியுங்கள். ஆனால் ஒரு விசை முறைக்கு விலையுண்டு: காத்திருக்கும் நேரத்தில் 0.2 செக்கன் கூடும். ஒன்றரைச் செக்கனுக்கு ஒரு மந்திரம் என்று வைத்தால் ஐந்து நிமிடச் சண்டையில் 200 மந்திரங்கள். 1.7 செக்கன் என்றால் சுமார் 176. அந்த 24 மந்திரங்கள்தான் கட்டணம்.

அடுத்த படி கடுமையானது. 2026இன் தொடக்கத்தில் 'மிட்நைட்' என்ற புதிய பாகத்தோடு, சண்டைத் தகவல்களை நிறுவனம் துணைநிரல்களிடமிருந்து மறைத்துவிட்டது. மறைத்த விதம் சுவையானது. எதிரியின் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதை நிரல் திரையில் காட்டலாம், நிறத்தையும் அளவையும் மாற்றலாம். ஆனால் அந்த எண்ணை அதனால் வாசிக்க முடியாது, இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஒட்டிய கடிதத்தைக் கொண்டுபோகிற தபாற்காரரின் நிலை அது. ஒப்பிட முடியாவிட்டால் "இருந்தால்" என்ற சொல்லுக்கே இடமில்லை. "இருந்தால்" இல்லாமல் பட்டியல் ஏது? ஹெகிலி அத்தோடு முடிவுக்கு வந்தது.

பலர் இதை வரவேற்றார்கள். நானும் வெளியிலிருந்து பார்த்திருந்தால் வரவேற்றிருப்பேன். தம்பியின் இடது கையைப் பார்த்தபின் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. ஹெகிலியில் அவன் எழுத்தைப் பெரிதாக்கி, படங்களைக் கண்ணுக்கு நேரே வைத்து, எட்டாத விசைக்குரிய மந்திரங்களைப் பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தான். தன் கைக்கு ஏற்ப அதைத் தைத்து வைத்திருந்தான் என்று சொல்லலாம். நிறுவனத்தின் ஒரு விசை அவனுக்குப் போதும்தான், ஆனால் அது கடைச் சட்டை. தற்காப்பு மந்திரங்களையும், நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை கிடைக்கும் பெரிய மந்திரங்களையும் பெரும்பாலும் அது தொடாது. அவற்றை அவனே நினைவில் வைத்திருக்க வேண்டும். அதோடு அந்த 0.2 செக்கன். இரண்டு கையும் சரியாக உள்ள ஒருவர் சோம்பலுக்காக அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறார். தம்பிக்கு அதைக் கட்டாமலிருக்க வழியில்லை. இருவரையும் பிரித்தறிய நிறுவனத்திடம் உபாயம் கிடையாது என்பது விளங்குகிறது. விளங்கினாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பங்குனியில் திரும்பவும் மயிலிட்டிக்குப் போனேன். ஹெகிலி போய்விட்டது. நான்கு படங்கள் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தான். சேதக் கணக்கில் முன்பு மூன்றாம் இடத்தில் நின்றவன் இப்போது ஆறாம் இடம் என்றான். விட்டுவிடுவாயா என்று கேட்டேன். "அண்ணா தனியப் போவான்தானே அக்கா" என்றான்.

பிறகு சண்டை தொடங்கியது. திரையில் விசை ஒளிர்ந்தபடியே இருந்தது. அவன் காலடியில் செந்நிற வட்டமொன்று விரிந்தது. காதில் மாட்டியிருந்த கருவியிலிருந்து ரொறன்ரோக் குரல் எனக்கும் கேட்டது: "ஓடடா, ஓடு!" தம்பி ஒளிர்கிற விசையை விட்டுவிட்டு ஓடினான்.